அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (பீதி நோயில்)
எண்ணம், உடலுணர்வு, நடத்தை ஆகியவை ஒன்றையொன்று தூண்டிப் பதற்றத்தை வளர்க்கும் சுழலை அறுக்க முயலும் பேச்சுவழி உளச்சிகிச்சை. 1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக் மனச்சோர்வுக்கென வகுத்த முறை பின்னர் பதற்றத்துக்கும் விரிந்தது. பீதி நோய்க்கான விளக்கத்தை 1986இல் ஆக்ஸ்போர்டின் டேவிட் கிளார்க் அளித்தார்: படபடப்பை மாரடைப்பென்று ஒருவர் தவறாக எண்ண, அந்த அச்சமே படபடப்பைக் கூட்டுகிறது. சிகிச்சையாளர் இந்தத் தவறான எண்ணத்தை வாதிட்டு மறுப்பதோடு நிற்பதில்லை. சோதித்துப் பார்க்கச் செய்கிறார். நோயாளி சிறிது நேரம் வேகமாக மூச்சுவிட்டு, பீதியின்போது வரும் அதே தலைச்சுற்றல் இதனாலும் வருவதைத் தாமே காண்கிறார். சுவரைப் பிடித்து நிற்பது, மாத்திரையைப் பையிலேயே வைத்திருப்பது போன்ற காப்புப் பழக்கங்களையும் கைவிட வேண்டும். பலருக்கும் கடினமான கட்டம் இதுவே. வீட்டுப்பாடமும் உண்டு. பீதி நோய்க்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரச் சிகிச்சையைப் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு பரிந்துரைக்கிறது.