மார்பில் இறங்கும் தடிமன்

நெடுங்காலமாக ஈளையும் இரைப்பும் உடையவர்களை எப்போதும் அந்நோயே மாய்த்துவிடுவதில்லை. குளிர்காலத்தில் ஒரு தடிமன் பிடிக்கும், சளி மார்பில் இறங்கும், காய்ச்சல் ஏறும், நிமோனியா என்று மருத்துவர் கூறுமுன் காலம் கடந்திருக்கும். ஒரு நோயின் தோளில் மற்றொரு நோய் ஏறிவரும் இவ்வழியை அரபு மருத்துவ மேதைகள் எத்துணைக் கூர்ந்து நோக்கினர் என்பது அறியத்தக்கது.

இப்னு சீனா 1025ஆம் ஆண்டளவில் நிறைவு செய்த 'அல்கானூன்' எனும் பெருநூலில், நுரையீரலில் தோன்றும் வெப்ப வீக்கத்தைத் 'தாத்துர் ரிஆ' எனும் பெயரால் தனியே விளக்குகின்றார். விலாப்புற அழற்சியாகிய 'தாத்துல் ஜன்ப்' நோயினின்றும் அதனைப் பிரித்துக் காட்டுகின்றார். இந்நோய் தானே தோன்றுவதும் உண்டு, 'நஸ்லா' எனப்படும் தடிமன் நுரையீரலுக்கு இறங்கியதன் பின் வருவதும் உண்டு என்பது அவர் கூற்று.

ஏறத்தாழ 165 ஆண்டுகளின் பின் எகிப்தில் மற்றொரு நூல் பிறந்தது. குர்துபாவில் தோன்றி ஃபுஸ்தாத்தில் வாழ்ந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், சுல்தான் சலாஹுத்தீனின் அமைச்சர் அல்காழி அல்ஃபாழிலுக்கும், சுல்தானின் மைந்தர் அல்அஃப்ளலுக்கும் மருத்துவராயிருந்தவர். இரைப்பால் வருந்திய உயர்குடியினர் ஒருவருக்காக அவர் அரபியில் எழுதிய நூலே இரைப்பைப் பற்றிய 'மகாலா ஃபிர் ரப்வ்'. அந்நோயாளிக்கு நோய் தடிமனில்தான் தொடங்கும், அதுவும் மழைக்காலத்தில். சளி வெளியேறும்வரை இரவும் பகலும் மூச்சுக்குத் தவிப்பார்.

இப்னு மைமூன் மாய மருந்து எதனையும் வாக்களிக்கவில்லை. இந்நோயை அடியோடு நீக்கும் வழி தம்மிடம் இல்லை என்றே ஒப்புக்கொண்டார். உணவு, உறக்கம், மனநிலை, காற்று ஆகியவற்றைச் சீர்செய்து தடிமனைத் தடுப்பதே அவர் மருத்துவம். நெருங்கிய வீடுகளும் குறுகிய தெருக்களும் கழிவும் கெடுத்த நகரக் காற்றினின்று விலகி வாழுமாறு அறிவுறுத்தினார்.

தலையினின்று கசியும் நீரே சளியாகி மார்பில் இறங்குகின்றது என்று அவர்கள் கருதியது பிழை. நோய்ந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் சளியை வெளித்தள்ள வலுவிழப்பதும், தேங்கிய சளியில் கிருமிகள் பெருகுவதும் பிற்காலத்தில் தெளிவாயின. நிமோனியாவின் தலையாய கிருமியைப் பாஸ்டரும் ஸ்டெர்ன்பர்கும் 1881இல் தனித்தனியே கண்டனர். கொள்கை பிழைத்தது; கண் பிழைக்கவில்லை. தடிமனின் பின்னே பேராபத்து நடந்து வருகின்றது என்பதை அக்கண் கண்டது.

இப்பெரியார்களின் பெயர்களை மேடைதோறும் பெருமையுடன் முழங்குகின்றோம். வீட்டுத் திண்ணையில் இருமும் முதியவரையோ, "அவருக்கு இது பழக்கந்தானே" என்று விட்டுவிடுகின்றோம். சளியின் நிறம் மாறினும், காய்ச்சல் கண்டாலும், வழக்கத்தினும் மூச்சு இரைத்தாலும், பேச்சுத் தடுமாறினும் அது பழக்கமன்று. அன்றே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறி. ஆண்டுதோறும் இடும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும், நிமோனியாக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் இன்று இத்தகையோருக்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. புகைபிடிப்பதை விடுவதும், அடுப்புப் புகையை அகற்றுவதும் அவற்றோடு சேர வேண்டும்.

வருமுன் காப்பதே இப்னு மைமூன் தம் நோயாளிக்கு அளித்த மருந்து. நம் வீட்டு முதியவருக்கு அதனை அளிப்பதே அம்மேதைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.