அரிக்கமேட்டு மணிகள்: உடைந்தவை சொல்லும் வரலாறு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கம் என்றதும் சர்க்கரை ஆலையும் மருத்துவக் கல்லூரியும் நம் நினைவுக்கு வரும். அதைக் கடந்து விக்கிரவாண்டியை நெருங்கினால் ஓர் ஆற்றுப் பாலம் குறுக்கிடும். செஞ்சிப் பக்கமிருந்து வரும் அந்த ஆற்றுக்குச் சங்கராபரணி, வராக நதி, செஞ்சியாறு எனப் பல பெயர்கள். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் இந்த ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே சென்றால், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் திருவக்கரையை அடைவோம். இன்னும் கீழே, ஆற்றின் கிளையான அரியாங்குப்பம் ஆறு கடலைச் சேருமிடத்தில் இருக்கிறது அரிக்கமேடு. தமிழகத்தின் மணித் தொழிலைப் பற்றிப் பேசப் புகும் எவரும் இந்த ஆற்றங்கரையில் சற்று நின்றுதான் ஆகவேண்டும்.

'மணி' என்ற சொல்லே நம்மைச் சிந்திக்க வைப்பது. விலையுயர்ந்த இரத்தினமும் மணி. நூலில் கோக்கும் சிறு பாசியும் மணி. தமிழுக்கு இவ்விரண்டுக்கும் இடையே பெரிய சுவர் இருந்ததில்லை போலும். நம் இலக்கியங்களிலும் கற்களின் மீதான காதல் ஆழமாகவே ஓடுகிறது. கொடுமணம் என்னும் ஊரின் அணிகலன்களைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. அதுவே ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் என்பதை, அங்கே அகழாய்வில் வெளிப்பட்ட கல்மணிப் பட்டறைகள் உறுதி செய்தன. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைக் கற்களின் வகைகளோடும் குற்றங்களோடும் காட்டுகிறது. அக்காப்பியத்தின் நீதியே ஒரு சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற கேள்வியில்தானே தொங்குகிறது? திருவிளையாடற் புராணத்திலோ இறைவனே மாணிக்கம் விற்கும் வணிகனாக வருகிறான்.

நம் வட்டாரத்துக்கும் இதில் பங்குண்டு. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மானாட்டின் கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' இக்கடற்கரையில் பொதுகே, சோபட்மா ஆகிய துறைமுகங்களைக் குறிப்பிடுகிறது. பொதுகே அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

அரிக்கமேடு உலகறிய வந்த கதையின் தொடக்கத்திலும் ஒரு மணிதான் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு, மழை அரித்த மேட்டில் ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிய மணிகள் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயிடம் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கப்பட்டிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் அது என்று அவர் முடிவு செய்தார். கல் மேலாய்வுக்காக ஹனோய்க்கு அனுப்பப்பட்டது. அதன்பின் அது எங்கே போயிற்று என்பது தெரியவில்லை. அந்தக் கல் தொலைந்துவிட்டது. அதன் புகழ் மட்டும் நின்றது.

அடுத்து வந்தவர் மார்ட்டிமர் வீலர். 1945இல் அவர் நடத்திய அகழாய்வு, இத்தாலியின் அரிட்டைன் மட்கலங்களைக் கொண்டு தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு காலக்கணக்கை வகுத்துத் தந்தது. அது பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் அவர் தேடியது ரோமை. உள்ளூர்ப் பானையும் மணியும் ரோமானிய ஓட்டின் துணையால் காலம் பெற்றன. அவற்றைச் செய்தவர்கள் பின்னணியில் நின்றார்கள். 1947 முதல் 1950 வரை கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்வுகளுக்குப் பிறகே, ரோமானியர் வருமுன்பும் அவர்கள் போன பின்பும் அங்கே வாழ்வு தொடர்ந்தது என்பது தெளிவாயிற்று.

மணி செய்தவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். வாழ்நாள் முழுவதையும் மணிகளுக்கே கொடுத்த மனிதர். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை கிடைக்கும் சிறு கண்ணாடி மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டு, அவற்றின் தொடக்கக் களங்களுள் தலையாயது அரிக்கமேடு என்று வாதிட்டார். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் க்லாங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ என இத்தொழில் கடலோரமாய்ப் பரவிய தடத்தையும் காட்டினார். கடல்வழி மணி வணிகம் பற்றிய அவருடைய பெருநூல் 2002இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் மணி செய்வோரிடம் அவர் கண்ட முறை நாம் அறியத்தக்கது. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் கூம்பாகத் திரட்டி, அதனுள்ளே துளை உண்டாக்கி, நுனியைக் கொக்கியால் பற்றி நீண்ட மெல்லிய குழலாக இழுக்கிறார்கள். குழலைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றினால் கூரிய விளிம்புகள் மழுங்கி மணியாகின்றன. ஒவ்வொரு மணியாக உருட்டாமல், ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகளுக்குத் துளையிடும் நுட்பம் இது.

கல்மணியின் வழி வேறு. அகேட், கார்னிலியன், பளிங்கு, செவ்வந்திக்கல், கார்னெட் ஆகியவற்றை முதலில் சில்லுச் சில்லாகத் தட்டி உருவம் கொடுக்க வேண்டும். பிறகு தேய்த்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். நிறத்தையும் மனிதர் திருத்தினர். இரும்புச் சத்துள்ள மங்கலான கல்லைச் சூடேற்றினால் சிவக்கும். நுண்துளையுள்ள அகேட்டைச் சர்க்கரைக் கரைசலிலோ தேனிலோ ஊறவைத்து, உள்ளே புகுந்த இனிப்பைக் கரியாக்கினால் கரும்பட்டை தோன்றும். பளிங்குக்குச் சாயமேற்றிப் பச்சைக்கல் போலப் போலி செய்ய இந்தியர் கற்றிருந்தனர் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே குறைப்பட்டுக்கொண்டார். வாங்குபவனின் குறை அது. தொழில் தெரிந்தவன் கண்ணில் அதுவே திறமைக்கு ஒரு சான்று.

நாம் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல மணிகளில் பெரும்பகுதி விற்பனையாகிக் கடல் கடந்து போயிற்று. ஊரில் தங்கியவை பெரும்பாலும் தட்டும்போது பிளந்தது, பாதித் துளையில் உடைந்தது, கல்சில்லு, கண்ணாடிக் கழிவு ஆகியவைதாம். ஓரிடத்தில் மணி பயன்பட்டது என்று காட்ட முழு மணி போதும். அங்கேயே மணி செய்யப்பட்டது என்று நிறுவ உடைந்த மணிதான் வேண்டும். அரிக்கமேட்டைத் தொழிற்கூடம் என்று நாம் சொல்ல முடிவது, யாரோ ஒருவரின் கை தவறியதால்தான்.

சேகரிப்பாளர்களின் ஆசை இந்த இடத்தில்தான் வரலாற்றோடு மோதுகிறது. கற்களின் மேல் காதல் கொண்டவர்கள் இல்லாவிட்டால் 1937இல் அந்த மேட்டை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதே காதல், அழகிய முழு மணிகளைப் பொறுக்கி விலைக்கு மாற்றி, எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடைத்தது என்ற செய்தியை அழித்தும் விட்டது. மண்ணைவிட்டுப் பிரிந்த மணி அழகாக இருக்கலாம். அதற்கு ஊரும் இல்லை, காலமும் இல்லை. ஹனோய்க்குப் போன கல்லுக்கு நேர்ந்ததுதான், பெயரில்லாத எத்தனையோ மணிகளுக்கும் நேர்ந்தது.

அம்மணிகளைச் செய்தவர்களின் பெயர் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அரிக்கமேட்டின் தமிழி எழுத்துப் பானையோடுகளில் சில பெயர்கள் உண்டு. ஆனால் 'இது நான் இழைத்த மணி' என்று எவரும் எழுதிவைக்கவில்லை. நிலை இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. நகைக்குக் கடையின் பெயர் உண்டு, அணிபவரின் பெயர் உண்டு. கல் பதித்த பத்தரின் பெயரையோ, பட்டை தீட்டியவரின் பெயரையோ எந்த ரசீதும் சொல்வதில்லை. திருச்சி வட்டாரச் சிற்றூர்களில் வீட்டுத் திண்ணைகளில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டிய குடும்பங்கள், இயந்திரத்தில் தீட்டிய மலிவான கற்கள் வந்த பிறகு ஓசையின்றி வேறு வேலை தேடிப் போயின. நாளை அவர்களுடைய வரலாற்றை எழுத முனைபவருக்கும் கல்தூள்தான் மிஞ்சுமோ என்னவோ.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைக் காண நேர்ந்தால், ஒளிரும் மாலையைப் பார்த்த கண்ணோடு, துளை முடியாமல் உடைந்துகிடக்கும் மணியையும் தேடிப் பாருங்கள். மேட்டில் ஒரு மணி தட்டுப்பட்டால் அதைக் கிடந்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறையினருக்குச் சொல்லுங்கள். மணி செய்தவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை இன்று அதுவே.