யூசுப், சூசை, வளன்

கோலாலம்பூரின் செந்தூலில் ரயில்வே பட்டறையை நம்பி வந்து குடியேறிய தமிழர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. அவர்கள் கும்பிடும் கோயில் சூசையப்பர் கோயில். இங்கே தமிழ் முஸ்லிம் குடும்பம் பிள்ளைக்கு யூசுப் என்று பெயர் வைக்கும். அதையே மலாய்க்காரர் யூசோப் என்பார். கிழக்குக்கரைக்காரராக இருந்தால் ஜூசோ. எல்லாம் ஒரே பெயர்தான்.

மூலம் எபிரேயத்தின் யோசேப். ‘கூட்டுதல், சேர்த்தல்’ என்ற வினையடியில் பிறந்தது. நெடுநாள் பிள்ளையில்லாத ராகேல், கடவுள் இன்னொரு மகனையும் கூட்டித் தரட்டும் என்று வேண்டி வைத்த பெயர் என்கிறது ஆதியாகமம். அரபுக்கு வந்ததும் ஓசை யூசுஃப் ஆயிற்று. பொருள் வழியில் நின்றுவிட்டது. அரபு இலக்கணிகளும் இதை வேற்றுமொழிப் பெயராகவே கொண்டார்கள். ஆனாலும் குர்ஆன் அதை வெறும் ஒலியாக விட்டுவிடவில்லை. 111 வசனங்கள் கொண்ட 12ஆவது அத்தியாயம் ஏறத்தாழ முழுக்க யூசுப் நபியின் வாழ்க்கைதான்: அண்ணன்மார் தள்ளிய கிணறு, மிஸ்ரு (எகிப்து) நாட்டு அடிமைச்சந்தை, சிறை, கனவுக்கு விளக்கம், பஞ்சத்துக்கு முன்பே சேர்த்துவைத்த தானியம். மகனைப் பறிகொடுத்த தந்தை யாகூப் (யாக்கோபு) நபி புலம்பும் இடத்தில் ‘துயரம்’ என்பதற்கு வரும் அரபுச் சொல் ‘அசஃப்’. யூசுஃப் என்ற பெயர் அடுத்தே வந்து அதனோடு ஒலிக்கிறது. வேர் வேறு, காதுக்கு உறவு.

தமிழில் இப்பெயர் நுழைந்த வாசல்கள் பல. முத்துக்குளித்துறைக்கு 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்தது ஜோசே. அவர்கள் வாயில் அது ஏறக்குறைய ஜுஸே. ஜகரம் சகரமாகி, ஈற்று ஏகாரம் ஐகாரமாகி, சூசை பிறந்தது. ‘அப்பர்’ சேர்ந்ததும் முழுத் தமிழ்ப் பெரியவராகவே ஆகிவிட்டார். புராட்டஸ்டண்டுகளின் வேதாகமம் யோசேப்பு என்று எழுதிக்கொண்டது. செந்தூல் கோயிலின் சூசையப்பர் தச்சர், நபியல்லர். ஆனால் மத்தேயு தரும் வம்சவரிசையில் அவருடைய தகப்பன் பெயரும் யாக்கோபுதான்! யூசுப் நபி, சூசையப்பர் இருவருமே கனவில் வழி தெரிந்துகொண்டவர்கள்.

பெயரை மொழிபெயர்க்கத் துணிந்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணியில் அந்தத் தச்சருக்கு அவர் இட்ட பெயர் வளன். கூடுதல், பெருகுதல் என்ற எபிரேயப் பொருள் அதில் அப்படியே இருக்கிறது. அரபு கைவிட்டதை இத்தாலிக்காரர் ஒருவர் தமிழில் மீட்டெடுத்தார் என்றே சொல்வேன். திருச்சியின் புனித வளனார் கல்லூரி அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

முஸ்லிம்களிடம் வளன் செல்லவில்லை, செல்லவும் முடியாது. ஓதும்போது காதில் விழுந்த ஓசையே அவர்களுக்குப் பெயர். கருவுற்ற பெண்கள் யூசுப் சூரா ஓதினால் பிள்ளை அழகாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை தமிழரிடமும் மலாய்க்காரரிடமும் உண்டு. அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலையில்லை. பழந்தமிழ் முறைப்படி ஈற்றில் உகரம் சேர்த்து யூசுபு என்றார்கள், அவ்வளவுதான். கூத்தாநல்லூர்க் கவிஞர் அகமது தம் பெயரையே சாரணபாஸ்கரன் என்று மாற்றிக்கொண்டவர். அவர்கூட யூசுபின் பெயரை மாற்றவில்லை; அவர் பாடிய காப்பியத்தின் பெயர் ‘யூசுப் ஜுலைகா’.