ஒப்பீட்டுத் தரமிடல்

ஒப்பீட்டுத் தரமிடல் என்பது ஒரு மாணவர் பெற்ற மதிப்பெண்ணை, அதே தேர்வை எழுதிய ஏனையோரின் மதிப்பெண்களுடன் ஒப்பிட்டுத் தரம் வழங்கும் முறையாகும். மணி வடிவ இயல்நிலைப் பரவல் வளைவை அடிப்படையாகக் கொண்டதால் இது வளைவுத் தரமிடல் எனவும் அழைக்கப்படும். தர எல்லைகளை முன்கூட்டியே வரையறுப்பது இதற்கு மாறான முறை. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விருப்பத்தெரிவு அடிப்படையிலான மதிப்பலகு முறை (2015) இவ்விரண்டிற்கும் இடமளிக்கிறது.

கணக்கிடும் முறை

மாணவரின் மதிப்பெண்ணிலிருந்து வகுப்பின் சராசரியைக் கழித்து, அதனைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, கடினமான இயற்பியல் தாள் ஒன்றில் சராசரி 38, திட்ட விலக்கம் 12 எனில், 56 பெற்றவரின் மதிப்பு (56 − 38) / 12 = 1.5 ஆகும். எளிய தாள் ஒன்றில் சராசரி 70, திட்ட விலக்கம் 8 எனில், 74 பெற்றவரின் மதிப்பு 0.5 மட்டுமே. வினாத்தாளின் கடினத்தன்மை மாணவரைப் பாதிக்காமல் காப்பதே இம்முறையின் முதன்மைப் பயன்.

சிறிய வகுப்புகளுக்கு இது பொருந்தாது. 12 பேர் கொண்ட வகுப்பில் 60 பெறக்கூடிய ஒருவர் 0 பெற்றால், வகுப்பின் சராசரியே 5 குறைந்துவிடும். மேலும், அருகில் இருப்பவரின் உயர்வு தனது தரத்தைக் குறைக்கும் என்பதால், குறிப்பேட்டை இரவல் தரவும் மாணவர் தயங்கக்கூடும்.

இலங்கையின் இசட் புள்ளி

இதே கணக்கீடு இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியையே தீர்மானிக்கிறது. அங்கு 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகச் செய்யப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவர்களைக் கடுமையாகப் பாதித்தது. 1971 இல் மருத்துவ பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர்கள் 400 இற்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர்கள் 229 புள்ளிகளும் பெற வேண்டியிருந்தது. இது மொழியைப் பார்த்து எல்லையை மாற்றியதேயன்றி, வளைவுத் தரமிடல் ஆகாது.

2001 முதல் பயன்படும் இசட் புள்ளி, க. பொ. த. உயர்தரத் தேர்வின் மூன்று பாடங்களுக்கும் மேற்கண்டவாறு கணித்த மதிப்புகளின் சராசரியாகும். 2011 இல் புதிய பாடத்திட்டத்தில் முதன்முறை தோற்றியோரையும், பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியோரையும் ஒன்றாகச் சேர்த்து இப்புள்ளி கணிக்கப்பட்டது. இரு தொகுதியினரும் எழுதியது வெவ்வேறு வினாத்தாள்கள். பொதுச் சராசரியுடன் ஒப்பிடும்போது, எளிய தாளை எழுதியோர் தகுதிக்கு மேல் உயர்வர். மாணவர்கள் தொடுத்த வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2012 சூன் மாதத்தில் அப்புள்ளிகளை இரத்துச் செய்து, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்கும்படி உத்தரவிட்டது.