கந்தோர் மொழியை வெட்டித் திருத்திய கதை

1940 ஓகஸ்ட் 9. ஜேர்மன் விமானங்கள் பிரித்தானியாவைத் தாக்கிக்கொண்டிருந்த காலம். அண்டைக்குப் பிரதமர் சேர்ச்சில் தன் அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். 'சுருக்கம்' என்பதுதான் அதன் தலைப்பு. அறிக்கைகள் நீண்டுகொண்டே போகுது, முக்கியமானதைத் தேடவே நேரம் வீணாகுது என்பது அவரது முறைப்பாடு. சின்னப் பந்திகளில் எழுதுங்கோ, விரிவான புள்ளிவிபரங்களைப் பின்னிணைப்பில் போடுங்கோ, ஒப்புக்கு வரும் நீட்டல் தொடர்களை வெட்டுங்கோ என்று கேட்டார்.

போர் முடிந்தபிறகு பிரித்தானியத் திறைசேரி, ஏர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரியிடம் அரச உத்தியோகத்தர்களுக்கு ஒரு கைநூல் எழுதித்தரக் கேட்டது. 1948இல் 'பிளெயின் வேர்ட்ஸ்' வெளிவந்தது. இலக்கணப் பிழை பிடிப்பதோடு அவர் நிற்கவில்லை. வாசிக்கப்போறவர் யார், அவருக்கு என்ன விளங்கவேணும் என்பதே அவருக்கு முதல் கேள்வி.

இவை மேலிருந்து வந்த திருத்தங்கள். 1979இல் கீழிருந்து ஒன்று வந்தது. லிவர்பூலைச் சேர்ந்த கிறிஸ்ஸி மேஹர், பதின்ம வயது வரை வாசிக்கத் தெரியாதவர். விளங்காத அரச படிவங்களை லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில், எல்லாரும் பார்க்க, துண்டுதுண்டாக்கினார். படிவம் விளங்காவிட்டால் உதவிப்பணம் கிடைக்காது. அவருக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை.

எங்கட கதைக்கு வருவம். கவர்ஸின் நூல் வந்த அதே 1948இல் இலங்கை சுதந்திரமடைந்தது. ஆனால் கந்தோர் ஆங்கிலத்தின் பழைய நடை எங்களோடயே தங்கிவிட்டது. 1987இல், 13ஆம் திருத்தத்தோடு, தமிழும் அரசகரும மொழியானது. அந்தத் தமிழ் எப்படி இருக்குது? இப்படி ஒரு கடிதத்தை யோசிச்சுப் பாருங்கோ:

"உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படாமையினால் தங்களது விண்ணப்பம் தொடர்பில் மேலதிக நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட முடியாதுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன்."

திருத்தினால்:

"உங்கள் விண்ணப்பத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி இல்லை. அதை 10ஆம் திகதிக்கு முன் தாருங்கள். பிறகு வேலையைத் தொடர்வோம்."

கவனியுங்கோ, இங்கே சொற்கள் மட்டும் குறையேல்ல. எந்த ஆவணம், எப்ப, யார் செய்வது என்ற மூன்றும் புதிதாக வந்திருக்கு. முதல் கடிதத்தில் அவை இல்லவே இல்லை. 'சமர்ப்பிக்கப்படாமையினால்' என்ற ஒரு சொல் அந்த ஓட்டையை மூடிவைத்திருந்தது. அதனால் திருத்துபவரின் வேலை பேனையோடு முடியாது. எழுந்துபோய், "எந்த ஆவணம் குறையுது?" என்று எழுதியவரிடம் கேட்கவேணும். அவர் கேட்காவிட்டால், அதைக் கேட்பதற்காகவே ஒரு அம்மா பஸ் ஏறி கந்தோருக்கு வரவேண்டியிருக்கும்.