எங்கே இறங்கணும்?

பேருந்தில் ஏறியவரிடம் நடத்துனர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்க இறங்கணும்?" டிக்கெட் கிழிக்க அவருக்கு அது தெரிய வேண்டும். ஆனால் நம்ம நாட்டில் இப்படிப்பட்ட கேள்வி டிக்கெட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆரணி பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் ஒரு டவுன் பஸ்சில் ஏறி, ஊர்ப் பெயரைச் சொல்லி, கூடவே "காலனி ஸ்டாப்பிங்" என்றும் சொல்லிப் பாருங்கள். முன் சீட்டில் இருப்பவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். போட்டிருக்கும் சட்டை, கையிலிருக்கும் புத்தகம், வாங்கிய பட்டம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் நிற்காது. அதனாலேயே ஊர் ஸ்டாப்பிங்கிலேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே சேரிக்குப் போகிற படித்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

சென்னையில் இதே கேள்விக்குப் "பாரிமுனை" என்றோ "சைதாப்பேட்டை" என்றோ சொல்லிவிட்டு நிம்மதியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெருநகரத்துக்குப் போன தலித் இளைஞனுக்கு முதலில் கிடைக்கிற விடுதலை இதுதான். இந்த விடுதலை எப்படி வந்தது, யார் வாங்கிக் கொடுத்தார்கள், இப்போது அதே நகரத்தில் அது எப்படிக் கைநழுவுகிறது என்று பேச வேண்டியிருக்கிறது. ரயில் என்று வந்தது, டிராம் என்று நின்றது என்றெல்லாம் நகர வரலாறு எழுதுகிறவர்கள் எழுதிவிட்டார்கள். வண்டியில் யார் ஏறினார்கள், யாரை ஏற விடவில்லை என்பதை அவர்கள் எழுதியது குறைவு.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம்ம பக்கத்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. 1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரலில் நின்றுபோகும் வரை ஏழை எளியவர்களின் வண்டியாக அது இருந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி வைத்தது காசுக்கொரு பெட்டி. சாதிக்கொரு பெட்டி வைக்கச் சொல்லி இங்கே உள்ள பெரிய மனிதர்கள் கேட்டாலும், வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகாது. அவன் சமத்துவத்துக்காக அப்படிச் செய்யவில்லை. கூலிக்குப் போகும் சனங்கள் நிறையப் பேர் மூன்றாம் வகுப்பில் ஏறினால்தான் அவனுக்கு வரும்படி. ஆனாலும் அந்த மரப்பலகையில் முதல்முறையாக நம்ம பாட்டனும் ஊர்த் தெருக்காரனும் தோளோடு தோள் இடித்து உட்கார வேண்டி வந்தது. பெட்டிக்குள் நுழைய முடியாத சாதி, பிளாட்பாரத்தில் காத்திருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியார் இயக்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பாகுபாடு விலக்கப்பட்டது.

ரயிலுக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அண்ணல் அம்பேத்கர் தன் அனுபவமாகவே எழுதி வைத்திருக்கிறார். 1901இல், சிறுவனாக, அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அதுவரைக்கும் ரயில் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளின் சாதி தெரிந்த பிறகு மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்து வருவதாக ஏற்பாடாகிறது. வெளிநாடு போய்ப் பெரிய படிப்பெல்லாம் படித்துத் திரும்பிய பின்பும், 1929இல் சாலிஸ்கான் ஊரில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுக்கிறார்கள். நம்ம சனங்களே வாடகைக்கு வண்டி பிடித்து, பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, பாலத்தில் வண்டி கவிழ்ந்து அவருக்கு அடிபடுகிறது. ரயிலை ஓட்டியவனுக்கும் பயணிக்கும் நடுவில் ஒரு டிக்கெட் ஜன்னல் இருந்தது. வண்டிக்காரன் நேருக்கு நேராக முகம் பார்த்தான். பார்த்ததும் ஊரைக் கேட்டான், பேரைக் கேட்டான்.

பேருந்து வந்தபோது அது ரயிலைப் போல வரவில்லை, இந்த மாட்டு வண்டியைப் போலத்தான் வந்தது. ஒவ்வொரு பேருந்துக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு சாதி. சென்னை சட்டசபையில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் எல்லாருக்கும் உரியவை என்று அரசாங்கத்தைச் சொல்ல வைத்தார். சாலையில் நடக்கும் உரிமை அப்படிக் கிடைத்தது. ஆனால் அந்தச் சாலையில் ஓடும் மோட்டாரில் ஏறும் உரிமை அதற்குள் அடங்கவில்லை. தெற்கே ராமநாதபுரம் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற பேருந்து முதலாளிகள் மறுத்தார்கள். 1920களின் இறுதியில் அந்த மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். உரிமம் போகும் என்றதும் தீட்டு போய்விட்டது! தியாகராய நகரில் ஆரணிப் பட்டும் காஞ்சிப் பட்டும் விற்கிற கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பாண்டி பஜார் அந்தச் சௌந்தரபாண்டியனாரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அங்கே பஸ் ஏறுகிற நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

1938இல் எம்.சி. ராஜா முன்னின்று, பொது இடங்களில் நம்மைத் தடுப்பதற்கு எதிரான சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. பொது வாகனத்தில் ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதப்பட்டது. அதே 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், வெள்ளையருக்காக எழுந்திரு என்றபோது எழ மறுத்துக் கைதானார். அந்த நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே போய் வென்றார்கள். அங்கே தோலைப் பார்த்தாலே தெரியும். இங்கே தோலில் எழுதியிருக்கவில்லை. எங்கே ஏறினாய், எங்கே இறங்குவாய் என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டம் வந்த பிறகும் நம்ம பக்கத்தில் எப்படி இருந்தது என்பதை எங்க ஆயா சொல்லும்: "ஏறலாம்டா, யாரும் ஏறாதன்னு சொல்லல. ஆனா சீட்டு காலியா இருந்தாலும் குந்தக் கூடாது. பின்னாடி போயி தரையில குந்திக்கினு வருவோம். ஊர்க்காரங்க ஏறினா அதுவும் எழுந்து நிக்கணும். துட்டு மட்டும் அவங்களுக்கும் எங்களுக்கும் ஒண்ணுதான்." எந்தப் பேருந்து, யார் முதலாளி என்றெல்லாம் ஆயாவுக்கு நினைவில்லை. தரை மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஆரணி ஊருக்குள் ரயில் கிடையாது. ஆரணி ரோடு என்ற பெயரில் நிலையம் இருப்பது களம்பூர்ப் பக்கத்தில். ஆகவே பட்டுப் புடவை மூட்டையும் சரி, கூலி வேலைக்குப் போகிறவர்களும் சரி, பேருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும். மூட்டையை மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுபோன காலத்தில் மனுசங்க தரையில் உட்கார்ந்து போனார்கள்.

பேருந்துகள் அரசுடைமையானபோது மாறியது இதுதான். 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமும் அதையொட்டி மற்ற கழகங்களும் வந்தன. முதலாளி போனார், இடஒதுக்கீடு வந்தது. சேரிப் பிள்ளைகள் காக்கிச் சட்டை போட்டு ஓட்டுநராக, நடத்துனராக ஏறினார்கள். மெஷின் வராத காலத்தில் நடத்துனர் நாக்கில் விரலைத் தொட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். அந்த எச்சில் டிக்கெட்டை எல்லா சாதிக்காரரும் கை நீட்டி வாங்கினார்கள். டீக்கடையில் நமக்குத் தனி கிளாஸ் வைத்தவர்களும் வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார்கள். "உள்ள போ, உள்ள போ" என்று ஒரு தலித் நடத்துனர் அதட்ட, ஊர் நாட்டாமை நகர்ந்து நின்ற இடம் வேறு எங்கே இருந்தது?

இதை அவர்கள் சும்மா விட்டுவிடவில்லை. உள்ளே உட்காருவதைத் தடுக்க முடியாதபோது சண்டை வேறு இடங்களுக்குப் போனது. 1995 ஜூலையில் வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் தலித் மாணவர்களுக்கும் வந்த தகராறு தென்மாவட்டக் கலவரமாகப் பரவியது. அது ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் நடத்திய சூறையாடலில் போய் நின்றது. 1997 மே மாதம் விருதுநகரில் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியான வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். கல்லெறிந்தார்கள், கொலைகள் விழுந்தன. பெயரைக் காப்பாற்ற முடியாத அரசு, 1997 ஜூலையில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. 1994 முதல் சென்னைத் தெருக்களில் டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்ற பெயரோடு ஓடிய பேருந்துகள் மாநகர் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளாயின. நம்ம பக்கத்து மாவட்டமும் அம்பேத்கர் பெயரை இழந்து வெறும் வேலூர் ஆனது.

அதே நாட்களில், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையில் ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். பேருந்தை மறித்து அவரோடு ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். பொது வாகனத்தில் ஏறும் உரிமை சட்டத்தில் எழுதி 42 ஆண்டு ஆகியிருந்தது.

எந்தத் தலைவர் பெயரும் வேண்டாம் என்ற அந்தப் பொது நியாயம் எத்தனை நாள் நின்றது? 2020இல் சென்னை மெட்ரோ நிலையங்கள் மூன்றுக்கு மூன்று முன்னாள் முதலமைச்சர்களின் பெயர்கள் வந்தன. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்துக்கும் இன்னொரு முன்னாள் முதலமைச்சரின் பெயர். பெயர் வைத்ததை நாம் குறை சொல்லவில்லை. சுந்தரலிங்கத்தின் பெயர் மட்டும் ஏன் திரும்பி வரவில்லை என்றுதான் கேட்கிறோம்.

இப்போது மறுபடி சென்னைக்கு வருவோம். "எங்க இறங்கணும்?" என்ற கேள்விக்கு அங்கே சாதி தெரியாமல் பதில் சொல்லலாம் என்றோம். அதுவும் பழைய கதையாகிக்கொண்டு வருகிறது. 2000 முதல் நகரத்தின் நடுவிலும் ஆற்றோரங்களிலும் இருந்த குடிசைப் பகுதிகளைப் பெயர்த்து கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்ப் போட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரை மக்களையும் பெரும்பாக்கம் அனுப்பினார்கள். அப்படிப் போனவர்களில் தலித்துகளே அதிகம். அதுவரை வேலைக்கு நடந்தே போனவர்களுக்கு இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம். காலையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய பேச்சும் வாங்கி, சில சமயம் வேலையும் போய்விடும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அது பெரிய உதவி, மறுக்கக் கூடாது. ஆனால் தூரத்தை உண்டாக்கியதும் அரசாங்கம்தான், டிக்கெட்டைத் தள்ளுபடி செய்வதும் அரசாங்கம்தான். நேரத்தை யார் தள்ளுபடி செய்வார்கள்?

அதைவிட முக்கியமானது, பேருந்தின் நெற்றிப் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர். கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள். வீடு வாடகைக்குக் கேட்டால் முகம் மாறுகிறது. ஆரணிப் பக்கத்துக் "காலனி ஸ்டாப்பிங்" இப்போது மாநகரத்துக்கே வந்துவிட்டது. நம்ம ஆட்களை மொத்தமாக ஒரே ஸ்டாப்பில் இறக்கிவிட்டால், தனியாகச் சாதி கேட்க வேண்டிய வேலையே இல்லை அல்லவா? 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல்லை எடுத்துவிடுவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போகட்டும். ஆனால் அந்தச் சொல் குறித்த இடமும், ஊருக்கும் அதற்கும் நடுவிலுள்ள தூரமும் அப்படியே இருக்கிறவரை, நடத்துனர் வேறொரு சொல்லைச் சொல்லித்தான் விசில் ஊதுவார்.

உரிமை என்பது ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டால் முடிந்துபோகிற காரியமாக இருந்ததில்லை. முதலில் வண்டியில் ஏறச் சண்டை, பிறகு சீட்டுக்கு, பிறகு பலகையில் பெயருக்கு. இப்போது நகரத்துக்குள்ளேயே இருக்கும் உரிமைக்குச் சண்டை. ஆகவே தோழர்கள் ஒன்று செய்ய வேண்டும். உங்கள் ஊர்ச் சேரிக்கு முதல் பேருந்து எந்த ஆண்டு வந்தது, ஸ்டாப்பிங் எங்கே போட்டார்கள், நிழற்குடை கட்டினார்களா, கட்ட விடாமல் யார் தடுத்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். சுவர் எழுப்பிய உத்தபுரத்தில் நிழற்குடைகூடப் பிரச்சினையாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். தரையில் குந்திக்கொண்டு வந்த ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது எந்தப் போக்குவரத்துக் கழகத்தின் ஆவணத்திலும் இருக்காது.