பழக்கூடை புளியந்தீவுக்கு வந்த கதை

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர்கள் பாடும் மீனைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், கூடைப்பந்தில் வந்து நிற்கும். கிரிக்கெட்டில் கிறுக்குப் பிடித்த நாட்டில், அந்தக் கல்லூரி நிற்கும், வாவி சூழ்ந்த புளியந்தீவில் இந்த ஆட்டம் எப்படி வேர்விட்டது?

கதை தொடங்குவது ஒரு குளிர்காலத்தில். 1891 டிசம்பர், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம். வெளியே பனி. வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைபட்டுக் கிடந்த 18 இளைஞர்களை எப்படியாவது விளையாட வைக்கவேண்டும். அந்தப் பொறுப்பு கனடாக்காரரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் தலையில் விழுந்தது. கட்டடக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக்கூடைதான் இருந்தது. கூடத்தின் இரு கோடியிலும் மேல்மாடக் கைப்பிடியில் கூடைகளை ஆணியடித்து மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரம். இன்றைக்கும் உலகம் முழுவதும் வளையம் 10 அடியில் நிற்பதற்கு வேறு காரணம் கிடையாது. கூடைக்கு அடி இருந்ததால் பந்து விழுந்தால் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஏறித்தான் எடுக்கவேண்டும்.

நெய்ஸ்மித் எழுதிய விதிகள் 13. ஆட்டத்தின் உயிர் அதில் ஒன்றில் இருக்கிறது: பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஓடக்கூடாது. பிடித்த இடத்திலிருந்தே இன்னொருவனுக்குக் கொடுக்கவேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே ஓடலாம் என்பதெல்லாம் பிறகு வந்த சலுகை.

இனி நம் ஊருக்கு வருவோம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானது. இரண்டு ஆண்டுகளில் அதன் பொறுப்பு பிரெஞ்சு யேசு சபைக் குருமாரிடம் வந்தது. மட்டக்களப்பும் அதற்குள்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரெஞ்சுக்காரர்களின் இடத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து யேசு சபையினர் வந்தார்கள். 1947இல் அவர்களில் ஒருவரான இக்னேஷியஸ் கிளென்னி ஆயரானார். அதையொட்டி இளம் யேசு சபையினர் பலர் கப்பலேறினார்கள். 1948இல் வந்தவர்களில் லூசியானா மாநிலத்து ஜெனிங்ஸ் ஊர்க்காரர் யூஜீன் ஜோன் ஹெபேரும் ஒருவர். வயது 25ஐ எட்டவில்லை.

பைபிளோடு பந்தும் வந்தது என்று சொன்னால் பொருந்தும். ஹெபேர் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பிள்ளைகளைக் கூடைப்பந்தில் பழக்கினார். அதே மாகாணத்திலிருந்து வந்த ஹரோல்ட் வெபர் அடிகளாரும் விளையாட்டுக்கே தன்னைக் கொடுத்தவர். மட்டக்களப்பு நகரின் மைதானம் இன்றும் வெபர் மைதானம்தான்.

இடமும் ஆட்டத்துக்கு ஒத்துழைத்தது. கிரிக்கெட்டுக்கு ஒரு வயல் அளவு நிலம் வேண்டும். கூடைப்பந்துக்கு 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம் போதும். நான்கு பக்கமும் தண்ணீர், நடுவில் தேவாலயம், பாடசாலை, கடைத்தெரு என்று நெருக்கிக் கட்டிய தீவுக்கு, நான்கு சுவருக்குள் பிறந்த ஆட்டம் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்த பாடசாலை, அகில இலங்கை மட்டத்தில் பேசப்படும் அணியை வளர்த்தெடுத்தது.

வெளிநாட்டுப் பயிற்சியாளர் என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது வேறு வகை ஆள். சேர்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கூடைப்பந்துப் பயிற்சி ஒரு முழுநேரத் தொழில், ஏற்றுமதிச் சரக்கு என்றே சொல்லலாம். வெசலின் மாட்டிச் என்ற சேர்பியர் 2009இல் ஈரானுக்கு ஆசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். 2019இல் இந்திய ஆண்கள் அணிக்கு வந்தார். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த நாடு. அது அந்தத் தொழிலின் நியாயம், குறை சொல்வதற்கில்லை. ஹெபேர் வகைப் பயிற்சியாளருக்கோ ஒப்பந்தமும் இல்லை, அடுத்த நாடும் இல்லை. வந்த ஊரே சொந்த ஊர்.

அந்த ஊர் 1990இல் எரிந்தது. ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் படுகொலை. வாழைச்சேனையில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளைப் பாதுகாப்பாக வெளியே கொண்டுவர வழி தேடி ஹெபேர் அங்கே போயிருந்தார். ஓடாமல் நின்ற இடத்திலிருந்தே கொடு என்பதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டத்தின் முதல் பாடம். 42 வருடம் அந்த மண்ணில் அவர் செய்ததும் அதுதான்.

ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். 66 வயதுக் குருவானவர் ஒரு தமிழ் இளைஞருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். வழியில் ஏறாவூர். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை.